கராம்பு வைக்கவில்லை

மேல் டிவிசன்,
திம்புள்ள.
நவம்பர் 18, செவ்வாய்.

அன்பு மகள் பூரணிக்கு,

இங்கே நானும் நம் பூனை கண்டாக்கும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாய் திறந்து சொல்கிறாய். அந்த வாயைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் நீ சிரித்து வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய், நானும் கூடவே சிரித்துவிடுகிறேன், வைத்த பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை என்று தெரிகிறது. அதனால் ரிஃப்னா வியாழக்கிழமை ஜப்பானுக்கு, உங்கள் அறைக்குத் திரும்பும்போது அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். நீ கேட்ட ஐந்து சாமானில் நான்கு பார்சலில் இருக்கின்றன. தேயிலை, மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, உன் பச்சை ஸ்வெட்டர். கராம்பு மட்டும் வைக்கவில்லை. மறந்துபோய் அல்ல.

ரிஃப்னாவிடம் கோபிக்காதே. விடுமுறைக்குக் கினிகத்தேனைக்கு வந்த பிள்ளை, உன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பஸ் மாறி இங்கே வரை வந்தாள். பால் விடாத பிளேன்டி குடித்துக்கொண்டே நெடுநேரம் கதைத்தாள். போகும்போது வாசலில் நின்று, ஆன்டி, நான் சொன்னேண்டு சொல்ல வாணாம், பூரணி ஒரு மாசமா ஒரு பக்கத்தாலதான் சாப்பிடுறா, இப்ப அதுவும் இல்ல, வெறும் கஞ்சி, கேட்டா டயட்டாம், ஒரே ரூம்ல இருக்கிற எனக்குத் தெரியாதா என்றாள். கடைவாயில் வீக்கம் என்றும் சொன்னாள். நீ கராம்பு கேட்டது குழம்புக்கு என்று நான் நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனைக்குப் பிறகு நீ இரத்தத்தில் சீனியும் பார்க்கவில்லையாம். அப்பாவுக்குச் சீனி வியாதி வந்தது முப்பத்தெட்டு வயதில். உனக்கு இருபத்துமூன்றுதான், ஆனால் அவருடைய பிள்ளை நீ. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி. பூனைக் கதை என்று தாண்டிப் போகாதே.

இங்கே ஒரு மாதமாக மழையும் பனியும்தான். பாடசாலையில் பதினொராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, சனிக்கிழமையும் வகுப்பு வைக்கிறேன். அப்பாவுக்குக் கொடுத்த குவாட்டர்ஸைக் காலி செய்யும்படி தோட்டத்தில் இன்னும் கேட்கவில்லை. அப்பாவின் வேலைக்கு வந்த புதுக் கண்டாக்கு இந்த வீட்டில் தங்க விரும்பவில்லை, டவுனில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. பக்கத்து இரண்டு குவாட்டர்ஸும் பூட்டிக் கிடப்பதால் மூன்று மணிக்குப் பனி இறங்கினால் இந்த வரிசையில் வெளிச்சம் உள்ள வீடு நம்முடையது ஒன்றுதான்.

கண்டாக்குக்கு அந்தப் பெயர் வந்த விதம் உனக்குத் தெரியும். அப்பா கண்டாக்காக, ஆட்களை மேற்பார்க்கிறவராக, மலை பார்க்கப் போன காலத்தில், காலையில் ஆட்களைக் கூட்டிப் பெரட்டு எடுக்கும் இடத்துக்கு அந்தக் குட்டியும் பின்னாலேயே போகும். வரிசையில் நிற்கும் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடக்கும். பெரிய கண்டாக்கையா விட்டாலும் சின்னக் கண்டாக்கையா விட மாட்டாரு போல என்று அவர்கள் கேலி செய்தார்கள். அப்பா போன பிறகு அந்தச் ‘சின்ன’ மெல்ல உதிர்ந்துவிட்டது. தொழிலாளர் லயத்தில் இப்போதும் பூனைக்கு ஐயா போட்டுத்தான் பேசுகிறார்கள். எங்கள் வாத்தியார் வீட்டில் வளர்ந்த எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. செப்டம்பர் வரைக்கும்.

அவனுக்கும் சீனி என்று பங்குனியில் தெரிந்ததை உனக்குச் சொல்லியிருந்தேன். காலை ஆறரைக்கு ஓர் ஊசி, மாலை ஆறரைக்கு ஓர் ஊசி. மக்பூல் நானாவின் பார்மசியில்தான் இன்சுலின் வாங்குகிறேன். டீச்சர், இது ஆருக்கு, பழைய கண்டாக்குக்கு மாத்திரை வாங்கினது போக இப்ப புதுக் கண்டாக்குக்கு ஊசியா என்று ஒருநாள் கேட்டுவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து, மாப் பண்ணுங்க டீச்சர் என்று தலையைக் குனிந்துகொண்டார். நுவரெலியாவில் பூனையைப் பார்த்த டொக்டர் அன்றைக்கே ஒரு விஷயம் சொன்னார். சீனி உள்ள பூனைக்கு ஈறு சீக்கிரம் பழுதாகும், ஈறு பழுதானால் சீனி ஊசிக்கு அடங்காது, ஒன்றை ஒன்று தூக்கிவிடும், அதனால் தினமும் பல் துலக்கிவிடுங்கள் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். தினம் இரண்டு ஊசி போடுகிற எனக்குப் பூனைக்குப் பல் துலக்குவது கொழும்பு ஆட்களின் செல்லம் போலத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தேன். பனி இறங்கி, கேட்டில் நின்றால் வாசற்கதவு தெரியவில்லை. கதவைத் திறந்ததும் பழுத்த பேரிக்காய் வாசனை. பேரிக்காய்க் காலம் ஆவணியோடு முடிந்துவிட்டது. குசினியில் தேடினேன், அலுமாரிக்குப் பின்னால் தேடினேன், எங்கும் பழம் இல்லை. வாசனை முன்னறையில்தான் இருந்தது, அப்பாவின் பிரம்பு நாற்காலியைச் சுற்றி. அதன் மெத்தையில் கை வைத்தேன். சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போன மாதிரிச் சூடு.

இனிச் சொல்லப் போவதை உன்னிடம் மூன்று வருடமாகச் சொல்லவில்லை. நீ அப்போது கொழும்பில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிக் கன்னம் வீங்கியிருந்தது. பல் டொக்டரிடம் போகவில்லை, கொழுந்து நிறைய வருகிற நேரம், மலையை விட்டு வர முடியாது என்றார். கராம்பை வைத்துக்கொண்டார், இரண்டு நேரமும் கராம்பு எண்ணெய் தடவினார், கஞ்சி மட்டும் குடித்தார். கஞ்சி குடித்த வயிற்றில் சீனி மாத்திரை போட்டால் மயக்கம் வரும் என்று அதையும் நிறுத்திவிட்டார். புதன்கிழமை காலையில் அவருடைய கோட்டுக்குப் பட்டன் போட்டுவிடும்போது என் முகத்துக்கு நேரே அந்தப் பேரிக்காய் வாசனை வந்தது. யாருங்க பேரிக்கா குடுத்தது, எனக்கு ஒன்னு வைக்காம தின்னுட்டீங்களா என்று கேட்டேன். வாயில கராம்ப அதக்கிக்கிட்டு பேரிக்கா திங்கிறவன நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா என்று சிரித்தார். எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது, பூரணி. கிட்டப் போய் இன்னொரு தடவை முகர்ந்தேன். வெள்ளிக்கிழமை அவர் பெரட்டுக்களத்தில் விழுந்தார். கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மரணக் காகிதத்தில் சீனி என்று எழுதினார்கள். பல் என்று யாரும் எழுதவில்லை. பேரிக்காய் என்றும் எழுதவில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருந்தது.

அதனால்தான் அந்த நாற்காலிக்கு முன்னால் நான் அப்படியே நின்றுவிட்டேன். அடுத்த நாளும் வாசனை இருந்தது, அதற்கு அடுத்த நாள் இன்னும் கூடியது. பயமாக இருந்ததா என்று கேட்பாய். பயம்தான். ஆனால் பாடசாலையில் கடைசி மணி எப்போது அடிக்கும் என்று நான் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்து லைட் போடாமல் இரண்டு கோப்பை பிளேன்டி ஊற்றி, ஒன்றை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்காருவேன். உன்னைப் பற்றிச் சொல்வேன். ஜப்பானில் வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறாய், அந்தப் பாஷையில் கனவு காண்கிறாய் என்று சொல்வேன். குசினியில் யாரோ மளமளவென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கும், அப்பா வேலை விட்டு வந்ததும் குடிப்பாரே, அப்படி. எழுந்து பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கண்டாக்கின் தண்ணீர்ச் சட்டி காலியாக இருக்கும். நான் அதை நிரப்பிவிட்டு மறுபடி வந்து உட்காருவேன்.

அந்த நாட்களில் கண்டாக்கு மீனை வாயில் எடுத்துக் கீழே போட்டான். தலையைச் சாய்த்து ஒரு பக்கத்தால் மென்றான். எச்சில் வடிந்தது. பல் வலி என்று விளங்கியது, அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அப்பாவின் மேசை லாச்சியைத் திறந்தேன். கராம்பு டின்னும் எண்ணெய்ப் போத்தலும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தன. பஞ்சில் இரண்டு சொட்டு எடுத்து அவன் ஈறில் தடவினேன். அன்று மாலை அந்த அறையில் பேரிக்காயும் கராம்பும் சேர்ந்து மணந்தன. அப்பாவின் கடைசி வார வாய் முழுதாக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. நான் அழவில்லை. வாங்க என்றேன்.

அப்படி ஒன்பது நாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அசற்றோனைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். அது பழம் போல மணக்கும், சீனி முற்றினால் மூச்சிலும் வரும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். சீனி உள்ள பூனை வீட்டில் இருக்கிறது, அது சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பிட மறுக்கிறது. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நான் காரணத்தைத் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும் என்று மனதின் ஒரு மூலைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள் சனிக்கிழமை, காலை ஊசி நேரத்துக்கு முன்பே. கீழ் லயத்துக் காளியாயி, இப்போது கொழுந்துக்குப் போவதில்லை, கீரை பறித்து விற்கிறாள், பனிக்குள்ளிருந்து வந்து வாசலில் நின்றாள். டீச்சரம்மா, சொல்லலாமா வேணாமான்னு தெரியல, கண்டாக்கையா வாயில பழ வாசன வருதுங்க என்றாள். முன்ன வந்திச்சே, அதே வாசனங்க, அப்பவும் எங்களுக்குத் தெரிஞ்சிச்சு, பெரிய எடம், வாயப் பத்தி எப்பிடி சொல்றதுன்னு விட்டுட்டோம் என்றாள். நீங்களும் பாத்தீங்களா என்று கேட்டேன். பாக்காம என்னங்க, விடியக்கருக்கல்ல என் வாசப்படியிலதான் விழுந்து கெடந்தாரு, எழும்ப மாட்டேங்கிறாரு, கண்ணு மட்டும் தொறந்திருக்கு என்றாள். மூன்று வருடத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் வாசலில் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். இப்ப எங்க இருக்காரு என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எங்கேங்கிறீங்க, இந்தா இருக்காருல்ல என்று முதுகிலிருந்த கூடையை இறக்கி என் காலடியில் வைத்தாள். கீரைக்கு மேலே சாக்கு விரித்து அதில் நம் கண்டாக்கு கிடந்தான். குனிந்தேன். பேரிக்காய்.

ஜீவராஜின் ஆட்டோவில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். ஐந்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. டீச்சர், என்னா இது, ஆட்டோ பூரா பழக்கடை மாதிரி மணக்குது என்று அவன் சொன்னபோது, ஜன்னல் படுதாவைத் திற என்று நான் சத்தம் போட்டேன், அவன் வண்டியை நிறுத்திப் படுதாவை உருட்டிக் கட்டினான். டொக்டர் சிங்களப் பெண், நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். அம்மா, இது பழம் வாசம் இல்ல, வருத்தம் வாசம், நோய் வாசம் என்றார். ஈறில் சீழ் பிடித்து, அதனால் ஊசி வேலை செய்யாமல், இரத்தம் கெட்டுப் போயிருந்தது. அவன் வாயை முகர்ந்துவிட்டு, கராம்பு தடவினீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பூனைக்கு அது விஷம் என்றார். நமக்கு வலியை மட்டும் மறைக்கும், பூனைக்கு ஈரலையே கெடுக்கும், நல்ல வேளை கொஞ்சம்தான் போயிருக்கிறது. எத்தனை நாள் இந்த வாசம் என்று கேட்டார். ஒன்பது நாள் என்றேன். ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் அவன் கிடந்த சாக்கை எடுத்து மடித்தேன்.

நான்கு நாள் சேலைன் ஏற்றி அங்கேயே வைத்திருந்தார்கள். அந்த நான்கு நாளும் வீட்டில் வாசனை இல்லை, சத்தம் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் கோப்பை வைக்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்று இருந்தேன். இரண்டாம் நாள் மூன்றரை மணிக்குக் காளியாயி வேலியோரம் வந்து, கண்டாக்கையா வந்துட்டாருங்களா, சொகமாயிருச்சா என்று கேட்டாள். இல்ல, நுவரெலியாவுலதான் இருக்காரு, நாளான்னைக்கு ஆகும் என்றேன். அவள் நம் முன்ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்ப பனியில தப்பாப் பாத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு, கீரையையும் கொடுக்காமல் இறங்கிப் போய்விட்டாள். எந்தக் கண்டாக்கையா என்று நான் கேட்கவில்லை. உள்ளே வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றேன். மெத்தையில் கை வைத்துப் பார்க்கவில்லை. சூடாக இருந்தால் என்ன செய்வது, சூடாக இல்லாவிட்டால் என்ன செய்வது, இரண்டும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது கண்டாக்கு தேறிவிட்டான். சீனி அடங்கிய பிறகு, ஒக்டோபர் நடுவில், மயக்க மருந்து கொடுத்து இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். டொக்டர் அவற்றைச் சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார். அப்பாவின் டின்னில் இருந்த கராம்பைக் கொட்டிவிட்டு அதில் வைத்திருக்கிறேன். எண்ணெயையும் ஊற்றிவிட்டேன். பல் துலக்குகிற வேலையை அவரே என் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். முதல் நாலைந்து நாள் விரலால் உதட்டை மட்டும் தடவிப் பழக்க வேண்டும். பிறகு விரலில் மெல்லிய துணி சுற்றி, உதட்டைத் தூக்கி, பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும், ஈறோரமாகத் தேய்க்க வேண்டும். உள்பக்கத்தை அவன் நாக்கே பார்த்துக்கொள்ளும். மனிதர்களின் பற்பசை ஆகாது, பூனைக்கென்று தனிப் பசை இருக்கிறது. ஊசியும் சாப்பாடும் தப்பக்கூடாது, அதற்குப் பிறகுதான் பல். ஈறு சிவந்திருக்கிறதா, எச்சில் வடிகிறதா, மென்று கீழே போடுகிறானா, வாசனை எப்படி என்று தினமும் பார்க்க வேண்டும். பசைக்கும் பிரஷுக்கும் மக்பூல் நானாவிடம் போனேன். மனிசனே ஒழுங்காப் பல்லுத் தீட்டுறான் இல்ல, நீங்க பூனைக்கு பிரஷ் கேக்குறீங்களே டீச்சர் என்று சிரித்தார், ஆனால் கண்டியிலிருந்து எடுப்பித்துத் தந்தார். ஒரு நாள் தவறாமல் செய்கிறேன். ஒவ்வொரு நாளும் முடிவில் அவன் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மூச்சை இழுக்கிறேன். மீன் வாசனை வந்தால் நிம்மதி. ஒரு விஷயம் மட்டும். திரும்பி வந்த நாளிலிருந்து அவன் அந்த நாற்காலியில் ஏறுவதில்லை. சுற்றித்தான் போகிறான், ஆள் இருக்கும் நாற்காலியைச் சுற்றிப் போகிற மாதிரி.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ கராம்பு கேட்கிறாய். ஒரு பக்கத்தால் சாப்பிடுகிறாய். கஞ்சி குடிக்கிறாய். லீவு இல்லை, வேலை கூட என்கிறாய். ஒவ்வொரு வார்த்தையும் இந்த வீட்டில் முன்பே கேட்ட வார்த்தை. உனக்குச் சீனி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெறும் சொத்தைப் பல்லாகவே இருக்கட்டும். ஆனால் பார்க்காமல் இருக்காதே. கராம்பு வலியைத்தான் மறைக்கும், வேறு எதையும் செய்யாது. பல் டொக்டரிடம் போ, அதே நாளில் இரத்தம் கொடுத்துச் சீனியும் பார், இரண்டு காகிதத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அந்தப் பாஷையில் இருந்தாலும் பரவாயில்லை, எண்களை நான் படித்துக்கொள்வேன். நீ தனியாகப் போக மாட்டாய் என்று ரிஃப்னாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நானே கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறேன் ஆன்டி, வரல்லண்டா தூக்கிட்டுப் போறேன் என்றாள். இன்னொன்றும் அவளிடம் கேட்டிருக்கிறேன். நீ டொக்டரிடம் போகும்வரை தினமும் காலையில் உன் வாயை அவள் முகர்ந்து பார்ப்பாள். சிரிக்காதே. நீயே பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே. அந்த வாசனை யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியவில்லை. கண்டாக்குக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இருந்தேன், சொல்லவில்லை. காளியாயிக்குத் தெரிந்திருந்தது, அவளும் சொல்லவில்லை. ரிஃப்னா சொல்லுவாள்.

முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். குளிரில் காதை மூடிக்கொள், பச்சை ஸ்வெட்டரின் கையை நான் கொஞ்சம் இறக்கித் தைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முதலில் அந்தக் காகிதம், மற்றக் கதையெல்லாம் பிறகு. இப்போது ஆறரை தாண்டிவிட்டது. ஊசி போட்டாயிற்று, சாப்பிட்டும் விட்டான். கண்டாக்கு மேசையில் ஏறி, இந்தக் கடிதத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, நான் கை நீட்டுவதற்கு முன்பே வாயைத் திறந்து வைத்திருக்கிறான். கண் மட்டும் என் தோளுக்குப் பின்னால், நாற்காலிப் பக்கம் இருக்கிறது. நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. எனக்கு இந்த வாய் இருக்கிறது பார்க்க. நீயும் திற, மகளே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
அ. புஷ்பராணி